ஒரு லோடு ஆற்று மணல் உருவாக எவ்வளவு காலம் ஆகும்?

வீடு கட்டும் இடத்தில் கொட்டியிருக்கும் ஆற்று மணலை ஒரு பிடி அள்ளி வெயிலில் பாருங்கள். கண்ணாடித் தூள் மாதிரி மினுமினுக்கும். அது காவிரி மணலாக இருந்தால், ஒவ்வொரு மணியும் ஒருகாலத்தில் குடகு, நீலகிரி போன்ற ஏதோ ஓர் இடத்தில் ஒரு பாறைக்குள் இருந்ததுதான்.

அவ்வளவு உறுதியான பாறை எப்படி உதிர்ந்தது?

மழையும் ஒரு அமிலம்தான்

மழைத்துளி இறங்கும்போது காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் கரைத்துக்கொள்கிறது. நாம் குடிக்கிற சோடாவில் இருப்பதும் இதே அமிலம்தான். மழையில் அதைவிடப் பல மடங்கு நீர்த்துப்போய் இருக்கும். ஒரு மழையில் ஒன்றும் ஆகாது. லட்சக்கணக்கான ஆண்டுகள் பெய்தால்?

கிரானைட் வகைப் பாறையில் முக்கியமாக இரண்டு கனிமங்கள் உண்டு. ஃபெல்ட்ஸ்பார் இந்த அமிலத்துக்குத் தாக்குப்பிடிக்காது, மெல்ல களிமண்ணாக மாறிவிடும். குவார்ட்ஸ் லேசில் அசையாது. சுற்றியிருப்பது கரைந்ததும் அது தனித்தனி மணியாக உதிர்கிறது. ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸாக இருப்பது இதனால்தான். பாறையில் உள்ள இரும்பு துருப்பிடித்தால் செம்மண் கிடைக்கிறது. வெயிலில் விரிந்து சுருங்குவது, விரிசலில் வேர் நுழைவது எல்லாம் கூடுதல் உதவி. கோபுர இடுக்கில் முளைத்த அரசங்கன்று என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாதா என்ன?

இப்படி இருந்த இடத்திலேயே பாறை நொறுங்குவது சிதைவு. நொறுங்கியதை ஆறோ காற்றோ அள்ளிக்கொண்டு போவது அரிப்பு. இரண்டையும் பலர் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

அரியலூரில் ஒரு கடல்

வெள்ளத்தின் வேகம் குறையக் குறைய ஆறு சுமையை இறக்கிவைக்கும். முதலில் கூழாங்கல், பிறகு மணல், கடைசியில் வண்டல். தஞ்சை டெல்டாவே இப்படி இறக்கிவைத்த மண்தான். படிவுகள் அடுக்கடுக்காகப் புதைந்து, மேல் பாரத்தில் இறுகி, நீரில் கரைந்த சுண்ணாம்பு போன்றவை பசையாகி ஒட்டினால் மறுபடியும் கல். இதுதான் படிவுப் பாறை.

நேரில் பார்க்க அரியலூர் போகலாம். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. நத்தை போலச் சுருண்ட அம்மோனைட் உயிரிகளின் புதைபடிவங்கள் இன்றும் அங்கே கிடைக்கின்றன. அந்தக் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அந்த மாவட்டத்து சிமென்ட் ஆலைகள் ஓடுகின்றன. ஆக, உங்கள் வீட்டுத் தூணில் பாதி மலை, பாதி கடல்!

பிரச்சினை எங்கே?

மலையிலிருந்து புதிதாக வரும் மணலை வழியில் அணைகள் பிடித்துவைத்துக்கொள்கின்றன. மேட்டூர் அணை 1934 முதல் தண்ணீரோடு வண்டலையும் தேக்குகிறது. 2017-ல் அதைத் தூர்வாரி, அள்ளிய வண்டலை விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். மேலிருந்து வரவு குறைந்துவிட்டது. கீழே லாரிகளில் செலவு மட்டும் நிற்கவில்லை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகள் உடைந்தபோது மணல் கொள்ளைதான் காரணம் என்று எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின. கட்டுமானம் மிகப் பழையது என்றது அரசு. எது எப்படியோ, ஆற்றுப் படுகை தாழ்ந்தால் கரையோரக் கிணறுகளில் நீர்மட்டமும் இறங்கும். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

வயல் மண்ணும் இதே கதைதான். ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாகச் சில நூறு ஆண்டுகளாவது ஆகும். ஒரே மழையில் அது அடித்துக்கொண்டு போய்விடலாம்.

எம்-சாண்ட் இருக்கிறதே என்பீர்கள். குவாரிக் கல்லை இயந்திரம் சில நிமிடங்களில் மணல் அளவுக்கு உடைத்துவிடுகிறது. ஆனால் ஆறு செய்யும் ஒரு வேலையை அது தானாகச் செய்யாது: கழுவிப் பிரிப்பது. சரியாகக் கழுவாத எம்-சாண்டில் கல்தூள் அதிகம் தங்கிவிடும். கான்கிரீட்டின் வலு குறையும். அதற்குப் பதிலாகக் கடல் மணலைப் போடலாமா? கழுவாமல் போட்டால் உப்பு கம்பியை அரித்துவிடும்.

வீடு கட்டுகிறவர்கள் ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் பாதிக்கு மணல் போட்டு, தண்ணீர் ஊற்றி, நன்றாகக் கலக்கி அப்படியே வைத்துவிடுங்கள். மணல் உடனே அடியில் இறங்கிவிடும். அதன்மேல் மெல்லிய அடுக்காகத் தூசி படியும். களிமண் இருந்தால் தண்ணீர் மணிக்கணக்கில் கலங்கலாகவே நிற்கும். மேல் அடுக்கு தடிமனாகத் தெரிந்தால் லோடைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.