இளைஞரும் ஆயுதச் சட்டமும்

ஆயுதம் என்றதும் நம்மில் பலருக்குத் திரைப்படச் சண்டைக் காட்சியே நினைவுக்கு வரும். ஆனால் அச்சொல்லுக்குச் சட்டத்தில் வரையறுத்த பொருள் உண்டு, வயது வரம்பு உண்டு, தண்டனையும் உண்டு. நான் அறிவியல் மாணவன். சட்டம் பயின்றவன் அல்லன். எனினும் இருபது வயதினனாகிய எனக்கும், என்னோடு பயிலும் நண்பர்களுக்கும் இச்சட்டம் நேராகவே பொருந்துவதால், படித்தறிந்தவற்றை எளிய முறையில் எழுத முற்படுகிறேன்.

வெள்ளையர் ஆட்சியில் 1878ஆம் ஆண்டு ஓர் ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியர் உரிமம் பெற்றே துப்பாக்கி வைத்திருக்கலாம். ஐரோப்பியருக்கோ விலக்கு உண்டு. இந்த வேற்றுமையை நீக்கி, விடுதலைக்குப் பின் 1959இல் புதிய ஆயுதச் சட்டம் உருவாயிற்று. அதன் 3ஆம் பிரிவு, எவராயினும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கலாகாது என்கிறது. 9ஆம் பிரிவு வயதைப் பற்றியது. தொடக்கத்தில் 16 வயது நிரம்பாதவர்க்கே தடை இருந்தது. 1983ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 21 ஆக உயர்த்தியது. தந்தையிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தாலும், 21 நிரம்பாத மகன் அதனைத் தன் உடைமையாக வைத்திருக்க முடியாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1989இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 61ஆவது திருத்தம், வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18 ஆகக் குறைத்தது. ஆறே ஆண்டு இடைவெளியில் துப்பாக்கிக்கு வயது ஏறியது; வாக்குச் சீட்டுக்கு வயது இறங்கியது. நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் அறிவு எனக்கு உண்டென்று நம்பும் அரசு, துப்பாக்கியை மட்டும் இன்னும் என்னிடம் நம்பிக் கொடுக்கவில்லை!

அப்படியானால் தேசிய மாணவர் படையில் நம் நண்பர்கள் ரைபிள் பிடிப்பது எவ்வாறு எனக் கேட்கலாம். அப்படையினர் தம் கடமையின் பொருட்டு ஆயுதம் ஏந்துவதற்குச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் பயிற்சி பெறவும் இளையோருக்குத் தனி விதி உண்டு. இரண்டிலும் மேற்பார்வை உண்டு. பயிற்சி முடிந்ததும் துப்பாக்கி திரும்ப ஒப்படைக்கப்படும். சட்டம் தடுப்பது தனியுடைமையையே அன்றிப் பயிற்சியை அன்று.

இனி அரிவாளுக்கு வருவோம். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் அரிவாள் செருகியிருக்கும். அப்பா அதனைக் கொண்டுதான் தேங்காய் வெட்டுவார், வேலி கழிப்பார். வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே உரியனவாகச் செய்யப்பட்ட பொருள்கள் ஆயுதமாகா என்று அதே சட்டம் கூறுகிறது. ஆனால் அந்த அரிவாளை எடுத்துக்கொண்டு, ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ ஒருவனைத் தாக்கக் கூடினால், அது சட்டவிரோதக் கூட்டம், அரிவாள் கொலைக்கருவி. அக்கூட்டத்தில் அதனை ஏந்தி நிற்பதற்கே ஈராண்டு வரை சிறை உண்டு. கூட்டத்தின் பொதுநோக்கம் நிறைவேற ஒருவன் வெட்டினால், கூட நின்றவனும் அக்குற்றத்திற்குப் பொறுப்பாவான். இவ்விதிகள் முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தன. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் உள்ளன.

சட்டம் இளையோரை மட்டுமே குறிவைப்பதாக எண்ண வேண்டா. 21 நிரம்பாதவன் துப்பாக்கி வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். தெரிந்தே அவனுக்கு விற்றவனுக்கோ அதனினும் கடுமையான தண்டனை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்டவர்களைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஐந்து இலட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. சிறுவன் கையில் ஆயுதம் இருந்தால், அதைக் கொடுத்த கை எது என்று சட்டம் தேடுகிறது.

ஆனால் அந்தப் பாதுகாப்பு 18 வயதோடு முடிந்துவிடுகிறது. இதுவே நாம் உணர வேண்டிய செய்தி. 18க்கும் 21க்கும் இடைப்பட்ட மூன்றாண்டுகளில் துப்பாக்கி வைத்திருக்கும் தகுதியும் நமக்கில்லை. சிறுவன் என்னும் சலுகையும் இல்லை. கல்லூரியில் நாம் பயிலும் காலமும் ஏறத்தாழ அதே மூன்றாண்டுகள்தான்!

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் இங்கு ஏராளம். அரசுப் பணிக்குத் தேர்வானால், "உம் மீது வழக்கு ஏதும் உண்டா?" என்று விசாரித்த பின்னரே பணியில் சேர்ப்பர். வழக்கறிஞர் வைக்க வசதியற்ற வீட்டில், ஒரு வழக்கு என்பது ஒரு தலைமுறையின் உழைப்பையே விழுங்கிவிடும்.

எனவே நண்பர்களே, "இதைக் கொஞ்சம் உன் பையில் வைத்திரு" என்று யாரேனும் ஒரு பொட்டலத்தை நீட்டினால், அது என்னவென்று கேளுங்கள். ஆயுதம் என்றால், எத்துணை நெருங்கிய நண்பனாயினும் மறுத்துவிடுங்கள். நட்பின் பெயரால் வாங்கி வைத்தேன் என்பது நீதிமன்றத்தில் விடையாகாது.