பெட்டி வண்டியின் கதை



தண்டவாளத்துக்கு அருகில் குடியிருப்பவர்களுக்குக் கூட்ஸ் ரயில் புதிய காட்சியன்று. அது கடந்து போகையில் பிள்ளைகள் பெட்டிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். எண்ணி முடித்ததும் மறந்து விடுவார்கள். பயணிகள் பெட்டிக்கு இருக்கும் மதிப்பு சரக்குப் பெட்டிக்கு யாரும் தருவதில்லை. ஆனால் உலகத்தின் பசியை ஆற்றியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. இன்று அப்படிப்பட்ட ஒரு பெட்டியைப் பற்றிக் காண்போம்.

அது அமெரிக்க நாட்டில் ஓடிய பழைய சரக்குப் பெட்டி. நான்கு பக்கமும் சுவர் அடைத்து, மேலே கூரை போட்டு, இரு பக்கங்களின் நடுவிலும் தள்ளு கதவு வைத்தது. அமெரிக்கர் அதனைப் 'பாக்ஸ்கார்' என்பர். நாம் 'பெட்டி வண்டி' என்று சொல்லிக் கொள்வோம். முதலில் அதன் வரலாற்றைச் சொல்லி, பிறகு அதையே உள்ளங்கை அளவில் செய்து பார்க்கும் கலையைப் பற்றியும் கூறுவோம். இரண்டையும் ஒன்றாகச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு பொருளைச் சிறிதாகச் செய்யும்போதுதான் அதன் ஒவ்வோர் உறுப்பையும் பார்த்து, இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

அமெரிக்காவில் ரயில் ஓடத் தொடங்கிய 1830களிலேயே மூடிய பெட்டியின் தேவை தெரிந்து விட்டது. திறந்த வண்டியில் ஏற்றிய மாவு மழையில் நனையும். பஞ்சு மூட்டையில் என்ஜினின் தீப்பொறி விழும். ஆகவே சுவரும் கூரையும் வந்தன. கோதுமை, மாவு, சர்க்கரை, காலணி, நாற்காலி, பிற்காலத்தில் மோட்டார் வாகனம் வரையில் எல்லாம் இதே பெட்டியில் சென்றன. கோதுமையை மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி நிரப்பியதும் உண்டு. கதவு வழியாகத் தானியம் சரிந்து விடாதிருக்க, உட்புறமாகப் பலகைகளை அடித்து வைப்பார்கள். சேர வேண்டிய ஊரில் அந்தப் பலகைகளைப் பெயர்த்தெடுத்து, ஆட்கள் உள்ளே இறங்கி வாரித் தள்ளுவார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பெட்டிகள் பெரும்பாலும் மரத்தாலானவை. பாரத்தால் நடுப்பகுதி தொய்ந்து போகாமலிருக்க, அடியில் நீளவாக்கில் இரும்புத் தண்டுகளை இழுத்து முறுக்கி வைத்திருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடிச்சட்டம் இரும்பாகியது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க அரசாங்கமே ரயில்வேக்களை நடத்தியது. 1918ஆம் ஆண்டில் பொதுவான வரைபடங்களின்படி ஏறத்தாழ ஒரு லட்சம் சரக்கு வண்டிகளைச் செய்யச் சொன்னது. அவற்றில் பாதியளவு பெட்டி வண்டிகள். 1924 முதல் பென்சில்வேனியா ரயில்ரோடு முழுவதும் எஃகாலான 'எக்ஸ் 29' என்னும் வகையை ஆயிரக் கணக்கில் ஓட விட்டது. 1947இல் புல்மன் ஸ்டாண்டர்ட் நிறுவனம் செய்யத் தொடங்கிய 'பி.எஸ். 1' என்னும் வகை ஒரு லட்சத்துக்கும் மேல் உருவாயிற்று. 40 அடி நீளமுள்ள பெட்டியே பல ஆண்டுகள் பொதுவான அளவாக இருந்தது.

இதுவரை சொன்னது பெட்டியின் கதை. இனி அந்தப் பெட்டியோடு வேலை செய்த மனிதனின் கதைக்கு வருவோம்.

பழைய பெட்டி வண்டியின் படத்தைப் பார்த்தால், கூரையின் உச்சியில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நீண்ட பலகை பதித்திருப்பதைக் காணலாம். அதன் அகலம் ஏறத்தாழ ஒன்றரை அடி. பெட்டியின் ஒரு முனையில் கூரைக்கு மேலே ஓர் இரும்புச் சக்கரமும் நிற்கும். பலகை எதற்கு? சக்கரம் எதற்கு?

அந்தக் காலத்தில் ரயிலை நிறுத்த வேண்டுமானால், என்ஜினிலிருந்து பிரேக் போட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித் தனியே பிரேக் போட வேண்டும். அதற்கென்று பிரேக்மன் என்னும் தொழிலாளர்கள் இருந்தனர். என்ஜின் விசில் ஊதியதும் அவர்கள் ஓடுகின்ற ரயிலின் கூரை மேல் ஏறி, அந்தப் பலகையின் மீது நடந்து, ஒரு சக்கரத்தைத் திருகி, அடுத்த பெட்டிக்குத் தாவி, அதன் சக்கரத்தையும் திருக வேண்டும். மழையென்றும் பனியென்றும் பார்க்க முடியாது. இரவென்றால் கையில் ஒரு விளக்கு. தாழ்ந்த பாலமோ சுரங்கமோ வருமிடத்தில் தலை மோதி விடும் அபாயமும் உண்டு. அதற்கு முன்னெச்சரிக்கையாகப் பாதைக்குக் குறுக்கே கயிறுகளைத் தொங்க விட்டிருந்தனர். கயிறு முகத்தில் பட்டால் உடனே குனிந்து கொள்ள வேண்டும்.

பெட்டியோடு பெட்டியை இணைப்பதும் இதைப் போன்றே ஆபத்தான வேலை. இரண்டு பெட்டிகளும் நெருங்கி வரும்போது ஒருவர் அவற்றின் நடுவே நின்று, இரும்பு வளையத்தைக் கையால் பிடித்து எதிர்ப் பெட்டியின் துளைக்குள் செலுத்தி, மேலிருந்து ஓர் ஆணியை இறக்க வேண்டும். கையை இழுக்கச் சற்றுத் தாமதித்தால் விரல் போயிற்று. கால் இடறினால் உயிரே போயிற்று. ஒருவருடைய கையில் விரல் குறைந்திருந்தால், இவர் பழைய ஆள், தொழில் தெரிந்தவர் என்று கண்டு கொள்வார்களாம். 1889ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு முடிந்த ஒரே ஆண்டில் அமெரிக்க ரயில்வேக்களில் ஏறத்தாழ 2,000 தொழிலாளர்கள் மாண்டனர். ஏறத்தாழ 20,000 பேர் காயமுற்றனர்.

இதற்கு மாற்று வழியே இல்லையா? இருந்தது. அதுதான் இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டிய இடம்.

ஈலை ஜேனி என்பவர் வர்ஜீனியாவில் ஒரு துணிக்கடையில் எழுத்தராக வேலை செய்தவர். ஓய்வு நேரத்தில் மரக் கட்டையைச் செதுக்கி, தானாகப் பூட்டிக் கொள்ளும் இணைப்பு ஒன்றின் மாதிரியைச் செய்தார். 1873ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். அதைப் புரிந்து கொள்வது எளிது. நேயர்களே, உங்கள் வலது கை விரல்களைக் கொக்கி போல உள்நோக்கி வளையுங்கள். இடது கை விரல்களையும் அவ்வாறே வளைத்து, ஒன்றோடு ஒன்றைக் கோத்து இழுத்துப் பாருங்கள். பிடி விடாது. ஜேனியின் இணைப்பும் அப்படித்தான். இரு பெட்டிகள் மோதியதும் பூட்டிக் கொள்ளும். கழற்றுவதற்குப் பெட்டியின் பக்கவாட்டில் நின்று ஒரு நெம்பு கோலைத் தூக்கினால் போதும். நடுவே ஆள் நுழைய வேண்டியதில்லை.

பிரேக்குக்கும் வழி பிறந்தது. 1869இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்னும் 22 வயது இளைஞர் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1872இல் அதைத் திருத்தி, தானாக இயங்கும்படி செய்தார். ரயில் முழுவதும் ஒரு குழாய் ஓடும். அதில் அழுத்தமான காற்று நிறைந்திருக்கும். ஓட்டுநர் அந்தக் காற்றை வெளியே விட்டால் எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் பிடிக்கும். பெட்டி தனியே கழன்று குழாய் அறுந்து போனாலும் பிரேக் தானே விழும்.

ஆக, 1873லேயே இரண்டு கருவிகளும் கைக்கு வந்து விட்டன. ஆனால் அவற்றைச் சரக்குப் பெட்டிகளில் பொருத்த முதலாளிகள் அவசரப்படவில்லை. செலவு மிகுதி என்பது ஒரு காரணம். ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொரு நிறுவனத்தின் பாதையிலும் ஓடும். எல்லாரும் சேர்ந்து மாற்றாமல் ஒருவர் மட்டும் மாற்றிப் பயனில்லை என்பது மற்றொரு காரணம். ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த லொரென்சோ காஃபின் என்னும் விவசாயி, இணைப்பு வேலையில் ஒருவர் விரல்களை இழந்ததைக் கண்ணாரக் கண்டவர். அவர் ஊர் ஊராகச் சென்று பேசினார், பத்திரிகைகளுக்கு எழுதினார். தொழிலாளர் சங்கங்களும் குரல் கொடுத்தன. 1893ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் அதிபர் பெஞ்சமின் ஹாரிசன் ரயில்வே பாதுகாப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அவகாசம் நீட்டிக்கப்பட்டு, 1900ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அது முழு நடைமுறைக்கு வந்தது. இணைப்பு வேலையில் ஏற்பட்ட சாவும் காயமும் வெகுவாகக் குறைந்தன. 1910இல் வந்த மற்றொரு சட்டம், ஏணியும் கைப்பிடியும் பாதுகாப்பான முறையில் அமைய வேண்டுமென்று கட்டாயமாக்கியது.

கருவி கண்டுபிடிக்கப்பட்ட நாளுக்கும், அது கடைசித் தொழிலாளியின் விரலைக் காப்பாற்றிய நாளுக்கும் இடையே ஏறத்தாழ 27 ஆண்டுகள். அறிவு இருந்தது, அதைக் கட்டாயமாக்கும் சட்டந்தான் இல்லை. இதனை நாம் மறக்கலாகாது.

கூரைப் பலகை மட்டும் மேலும் பல காலம் நீடித்தது. சாடை காட்டவும், நிலையங்களில் கைப் பிரேக்கைத் திருகவும் ஆட்கள் மேலே ஏறிக் கொண்டுதான் இருந்தனர். 1966ஆம் ஆண்டுக்குப் பிறகு செய்த புதிய பெட்டிகளில் அந்தப் பலகை இல்லை. கைப் பிரேக்கின் சக்கரம் கீழே இறங்கிற்று, ஏணியும் குட்டையாயிற்று.

இப்போது அட்டையை எடுத்துக் கொள்வோம்.

ரயில் மாதிரி செய்வோர் உலகில் மிகுதியாகக் கையாளும் அளவுக்கு 'எச்.ஓ.' என்று பெயர். உண்மையான பொருளில் 87இல் ஒரு பங்கு. கணக்குப் போட எளிய வழி ஒன்று உண்டு: உண்மையில் 1 அடி என்றால் மாதிரியில் 3.5 மில்லிமீட்டர். அப்படியானால் 40 அடிப் பெட்டியின் நீளம் 140 மில்லிமீட்டர், அதாவது 14 சென்டிமீட்டர். 10 அடி அகலம் 35 மில்லிமீட்டர். சுவரின் உயரமும் ஏறத்தாழ அவ்வளவே. 6 அடிக் கதவு 21 மில்லிமீட்டர். அமெரிக்கத் தண்டவாளங்களின் இடைவெளி 1,435 மில்லிமீட்டர். மாதிரியில் அது 16.5 மில்லிமீட்டர். நம் நாட்டு ரயில் பாதையின் அகலம் 1 மீட்டர். அதை 87ஆல் வகுத்தால் எவ்வளவு வரும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

கடையில் விற்கும் மாதிரிகள் பிளாஸ்டிக்கிலும் பிசினிலும் வார்த்தவை, விலை அதிகம். நாங்கள் பள்ளியில் காலணி அட்டைப் பெட்டியை வெட்டியே செய்து பார்த்திருக்கிறோம். சுவரில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு ஒரு கோடாகப் பேனாவால் கீறினால் மரப்பலகை அடித்தது போலத் தோன்றும். ஏணிப் படிக்கு மெல்லிய கம்பி. சக்கரத்துக்குச் சட்டைப் பொத்தான். உண்மைச் சக்கரத்தின் விட்டம் 33 அங்குலம். மாதிரியில் 1 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தண்டவாளத்தில் ஓட வைக்கும் மாதிரிக்கு எடையும் வேண்டும். இலேசாக இருந்தால் வளைவில் கவிழும். 1935இல் தோன்றிய அமெரிக்க தேசிய மாதிரி ரயில் சங்கம் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதன்படி நமது 14 சென்டிமீட்டர்ப் பெட்டி ஏறத்தாழ 106 கிராம் இருக்க வேண்டும். உள்ளே இரும்பு வாஷர்களை ஒட்டி எடையைச் சரி செய்யலாம்.

கடைசியாகக் கூரைப் பலகை. ஒன்றரை அடி என்றால் மாதிரியில் 5 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அதை வெட்டி ஒட்டுங்கள். பிறகு 5 அடி 9 அங்குல உயரமுள்ள மனிதன் ஒருவனை அட்டையில் வெட்டுங்கள். அவன் 2 சென்டிமீட்டர்தான் இருப்பான். அவனைப் பலகையின் மேல் நிறுத்திப் பாருங்கள். எவ்வளவு உயரத்தில், எவ்வளவு ஒடுங்கிய இடத்தில் நிற்கிறான்! ஓடும் ரயிலில், இருட்டில், பனி உறைந்த பலகையில் அவன் நடந்தான் என்பதை நூறு வரி படித்துத் தெரிந்து கொள்வதைவிட, இந்த அட்டை மனிதன் ஒரு நொடியில் விளக்கி விடுவான்.

தேர்ந்த கலைஞர்கள் மாதிரியின் காலத்திலும் தவறு செய்ய மாட்டார்கள். மரப் பெட்டியும், அடியில் இரும்புத் தண்டுகளும், வளையமும் ஆணியும் கொண்ட இணைப்பும் இருந்தால் அது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெட்டி. எஃகுச் சுவரும் கூரைப் பலகையும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் 1920களுக்கும் 1960களுக்கும் இடைப்பட்டது. பெட்டியின் பக்கத்தில் எழுதியுள்ள நிறுவனப் பெயர், எண், வெறும் எடை, ஏற்றக் கூடிய பாரம், செய்த ஆண்டு ஆகியவற்றையும் எழுத்துப் பிசகாமல் தீட்டுவார்கள். புத்தகத்தை எழுத்தெழுத்தாகப் படிப்பது போல, பெட்டியை உறுப்பு உறுப்பாகப் படிக்கலாம்.

அந்த 40 அடிப் பெட்டிகள் இன்று அமெரிக்காவில் பொதுவான சரக்கு ஏற்றும் வேலையில் இல்லை. தானியத்துக்கு மேலே மூடியும் கீழே திறப்பும் உள்ள வேறு வண்டிகள் வந்தன. பிற சரக்கின் பெரும்பகுதியைக் கொள்கலன்கள் ஏற்றுக் கொண்டன. நீளம் கூடிய புதிய பெட்டி வண்டிகள் காகிதச் சுருள் போன்ற சரக்கை இன்றும் சுமக்கின்றன. பழையவை சில, இல்லினாய் ரயில்வே காட்சிசாலை போன்ற இடங்களில் நிற்கின்றன. மற்றவற்றின் நினைவைக் காப்பாற்றி வருவோரில் இந்த மாதிரி செய்வோரும் அடங்குவர்.

பெற்றோர்களே, பிள்ளைகள் அட்டையை வெட்டி வீட்டைக் குப்பையாக்கினால் கோபித்துக் கொள்ளாதீர்கள். அளவும் விகிதமும் அவர்கள் கைக்குப் பழகும். அது மட்டுமன்று. ரப்பர் ஆலையில் உருளை இயந்திரத்துக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருந்தால், அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கும் பழக்கமும் வரும். இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று கேட்கும் துணிவும் வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நாமும் ஆயத்தமாக இருப்போம்.