சத்திர சிகிச்சைக்கு முன்பு ஒரு தகடு

உலகில் ஏறத்தாழ 700 சிசுக்களில் ஒன்று, உதடோ மேலண்ணமோ இரண்டுமோ பிளவுபட்டே பிறக்கிறது. உதட்டைத் தைத்து மூடுவதற்குச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டியிருக்கையில், அந்த இடைக்காலத்தை வீணாக்காமல், விலகி நிற்கும் ஈறுகளை வாய்க்குள் பொருத்தும் ஒரு தகட்டினால் நெருங்கச் செய்யலாமென்று 1950-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்துப் பல் வைத்தியர் மக்நீல் காட்டினார். 1993-இல் நியூயார்க்கில் பாரி கிரேசன், அத்தகட்டிலிருந்து மூக்குத் துவாரத்துள் ஏறும் சிறு கொம்பொன்றைச் சேர்த்து, பிளவினால் சரிந்த நாசியையும் நிமிர்த்த முற்பட்டார். தாயிடமிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் சிசுவின் இரத்தத்தில் மிகுந்திருக்கும் முதற்சில வாரங்களில் குருத்தெலும்பு வளைத்தபடி வளையும் என்பதே இதற்கு ஆதாரம்.

பழைய முறையில் கடினமான கட்டம், தகட்டுக்காக வாயை அச்செடுப்பதுதான். மயக்கமருந்தின்றி, சிசுவைக் குப்புறப் பிடித்து, பிசைந்த சிலிக்கோனை வாய்க்குள் வைத்து, அது இறுகும்வரை பிராணவாயுவுடன் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். அப்போது குழந்தை வீறிட்டழுதால் வைத்தியருக்கு நிம்மதி. அழுகை நின்றால்தான் பயம், ஏனெனில் அழுகிற தொண்டையில் மூச்சு ஓடுகிறது. பின்னர் வாரந்தோறும் அக்ரிலிக் தகட்டை ஒருபுறம் ராவி, மறுபுறம் மெழுகுபோன்ற மெதுபொருளை அப்பி, சுமார் ஒரு மில்லிமீட்டர் அளவே மாற்றுவார்கள்.

புதிய முறையில் சிலிக்கோனுக்குப் பதில் ஒரு சிறு ஸ்கேனர் வாயைப் படமெடுக்கிறது. கணினி, ஈறுகள் சேரவேண்டிய நிலையைப் படிப்படியாகக் கணித்து, முப்பரிமாண அச்சில் மாதிரிகளைத் தர, அவற்றின்மீது தகடுகள் வரிசையாக முன்கூட்டியே தயாராகின்றன. வருகைகள் குறைகின்றன, தொலைவிலிருந்து பஸ் ஏறிவரும் குடும்பத்துக்கு இது அற்பமான உபகாரமன்று. ஆயினும் ஸ்கேனரின் முனை பிஞ்சு வாய்க்குப் பெரிது, ஆழமான பிளவின் உள்மூலைகளும் எளிதில் அகப்படுவதில்லை; கணினி கணித்தபடியே குழந்தை வளர வேண்டுமென்ற நிர்ப்பந்தமுமில்லை. அளவு பிசகினால் ஈறு புண்ணாகும். போதாக்குறைக்கு, தகட்டினால் நிலையான நன்மை உண்டா என்பதே இன்னும் விவாதத்தில் இருக்கிறது: ஈறுகளுக்கு மட்டும் பழைய பாணித் தகட்டை வைத்து நெதர்லாந்தில் மூன்று மையங்கள் நடத்திய ஒப்பாய்வு, முகவளர்ச்சியில் நீடித்த பயனைக் காணவில்லை.

ஆகவே என் அபிப்பிராயத்தில், அச்செடுக்கும் நிமிஷத்தின் அபாயத்தை நீக்கவே ஸ்கேனரை வாங்கலாம். வைத்தியரின் பரிசோதனையை நீக்குவதற்கு வாங்கலாகாது. பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: எம்முறையாயினும், ஈறு சிவந்தாலோ குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, குறித்த நாள்வரை காத்திராமல் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.