எக்கோவில் தடித்த இதயம், இசிஜியில் தாழ்ந்த அலை

வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில் காலமெல்லாம் சரம் பின்னியவர் “ரெண்டு கையும் ராத்திரியில மரத்துப்போகுது” என்றால், வேலைதான் காரணம் என்பார்கள் வீட்டில். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் அறுபதைத் தாண்டியவருக்கு நடந்தால் மூச்சு வாங்கி, காலும் வீங்கினால், கை மரத்த கதையை இதய மருத்துவரிடமும் சொல்லியாக வேண்டும்.

அமிலாய்டு என்ற புரதப் படிவு மணிக்கட்டு நரம்பை நெருக்கும். இதயத் தசையிலும் ஊடுருவும். கையில் தெரிந்து ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்து இதயத்தில் வெளிப்படுவது உண்டு.

படிவு ஏறிய இதயச் சுவர் தடித்து விறைக்கிறது. ரத்தத்தை வாங்க அதனால் சரியாக விரிய முடியாது. எக்கோ ஸ்கேனில் இது ரத்த அழுத்தத்தால் தடித்த இதயம் போலவே தெரியும். பரம்பரையாக வரும் தசைத் தடிப்பு, பெருந்தமனி வால்வுச் சுருக்கம் என்றும் தோன்றலாம். இங்கேதான் எக்கோவையும் இசிஜியையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். தசையே வளர்ந்து தடித்திருந்தால் இசிஜி அலைகள் பெரும்பாலும் உயர்ந்திருக்கும். அமிலாய்டில் சுவர் தடித்தும் அலைகள் தாழ்ந்திருக்கலாம். எல்லா நோயாளிக்கும் அப்படி இருப்பதில்லை என்பதால், இசிஜி சரியாக இருக்கிறது என்று நோயை ஒதுக்கிவிட முடியாது.

இன்னொரு தடயம் பிரஷர் மாத்திரை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அந்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பல வருஷம் அழுத்தம் இருந்தவருக்கு அது தானாகவே இறங்கி, எழுந்து நின்றால் தலை சுற்றி, மூச்சும் வாங்கினால், நோய் குணமாகிவிட்டது என்று நினைத்து மகிழக் கூடாது. காரணம் தேட வேண்டும்.

நம் நாட்டில் மறக்கக் கூடாத போலி ஒன்று உண்டு. காசநோய் இதய உறையைத் தாக்கி, அதை இறுக்கமான ஓடாக்கிவிடும். அதிலும் கால் வீங்கும், வயிறு வீங்கும். ஆனால் அந்த உறையை அறுவை செய்து அகற்றினால் பலர் தேறிவிடுகிறார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் குணமாக வேண்டியவரை இழக்க நேரிடும்.

அமிலாய்டு என்ற சந்தேகம் வந்ததும் முதலில் ரத்தத்திலும் சிறுநீரிலும் லைட் செயின் புரதத்தைத் தேட வேண்டும். எலும்பு மஜ்ஜை அணுக்களிலிருந்து வரும் இந்த வகை, இதயத்தைப் பிடித்துவிட்டால் சில மாதங்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடும். கீமோதெரபிக்கு அவசரம் காட்டியாக வேண்டும். கல்லீரல் சுரக்கும் டிரான்ஸ்தைரெட்டின் புரதத்தால் வருவது மற்ற வகை. லைட் செயின் கோளாறு இல்லாதவருக்கு டெக்னீசியம் ஏற்றி எடுக்கும் ஸ்கேனில் இதயம் விலா எலும்புக்கு நிகராகவோ கூடுதலாகவோ ஒளிர்ந்தால், தசையைக் கிள்ளிப் பார்க்காமலே இவ்வகையை உறுதி செய்யலாம். இதை 2016இல் வெளியான பன்னாட்டு ஆய்வு நிறுவியது. முடிவு தெளிவாக இல்லாவிட்டால் பயாப்சிதான்: பருத்தித் துணிக்கென்று உருவான காங்கோ சிவப்புச் சாயத்தை ஏற்றினால், துருவ ஒளியில் படிவு பச்சையாக மின்னும்.

விருதுநகரில் 2022 ஜனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போகிறவர் பழைய இசிஜி தாள்களையும், மணிக்கட்டில் அறுவை நடந்திருந்தால் அந்தச் சீட்டையும் கையோடு கொண்டுபோவது நல்லது. டிரான்ஸ்தைரெட்டின் வகைக்கு டஃபாமிடிஸ் மருந்து மரணத்தைக் குறைப்பதை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏற்கெனவே படிந்ததை அது கரைப்பதில்லை, மேலும் படிவதைத்தான் மட்டுப்படுத்துகிறது. அதனால் மூச்சுத் திணறல் முற்றுவதற்கு முன் தொடங்கியவர்களுக்கே பலன் கூடுதல்.