பெயர் 38, அளவு 357: ஈய புல்லட்டும் ஆயிரத்தில் ஒரு பங்கு இன்ச்சும்

இந்த வாரம் ஒரு நேயர் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். டெக்சஸ்ல இருக்கிறவர், .38 ஸ்பெஷல் ரிவால்வர் வெச்சிருக்கார். வார இறுதியில ரேஞ்சுக்குப் போய் இலக்கைப் பார்த்துச் சுடுறது அவர் பொழுதுபோக்கு. ஈயத்தை உருக்கி, அச்சுல ஊத்தி, புல்லட்டையும் தானே செஞ்சுக்கறார். பிரச்சினை என்னன்னா, ஐம்பது ரவுண்டு போறதுக்குள்ள பேரல் உள்ளே ஈயம் அப்பிக்குது. குறி சிதறுது. அதைச் சுரண்டி எடுக்கவே ஒரு சாயங்காலம் போயிடுது. "உன் ஈயம் ரொம்ப மெத்து, கடினமான கலவை வாங்கு"ன்னு கூட இருக்கிறவங்க சொல்லியிருக்காங்க. வாங்கினார். இன்னும் மோசமாச்சு. ஏன்னு கேட்கிறார்.

இந்தியாவில இருந்து கேட்கிறவங்களுக்கு ஒரு வரி: இங்கே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்கிறது குற்றம். இது அமெரிக்கப் பொழுதுபோக்கு, அந்த ஊர்க் கதையாவே கேளுங்க. ஆனா உள்ளே இருக்கிற பொறியியல் லேத் பட்டறை பார்த்த யாருக்கும் புரியும்.

முதல்ல பெயர்க் குழப்பம். .38 ஸ்பெஷல்ல போற புல்லட் 0.38 இன்ச் கிடையாது. 0.357, ஈயமா இருந்தா வழக்கமா 0.358. 19-ஆம் நூற்றாண்டுல .36 ரிவால்வர்களை உலோகத் தோட்டாவுக்கு மாத்தினப்போ, புல்லட்டோட வெளிவிட்டமும் பித்தளைக் கூட்டோட வெளிவிட்டமும் ஏறக்குறைய ஒண்ணா இருந்தது. அப்போ 38-ங்கிற பெயர் ஓரளவு நியாயம். பிற்பாடு புல்லட்டைக் கூட்டுக்குள்ளே இறக்கினாங்க, புல்லட் இளைச்சது, பெயர் மட்டும் மாறலை. .44 மேக்னமும் அப்படித்தான், உள்ளே இருக்கிறது 0.429. பழைய வேரியபிள் பெயர், புது மதிப்பு. யாரும் ரீநேம் பண்ணலை, அவ்வளவுதான்.

அதனால பெட்டியில எழுதியிருக்கிற எண்ணை விட்டுடுங்க. உங்க பேரலோட நிஜ அளவுதான் முக்கியம். பேரலுக்குள்ளே திருகு மாதிரி பள்ளங்கள் வெட்டியிருக்கும், புல்லட்டைச் சுழல வைக்க. எதிரெதிர்ப் பள்ளங்களோட அடிமட்டத்துக்கு நடுவுல இருக்கிற விட்டம்தான் கணக்கு. ஈய புல்லட் அதைவிட ஆயிரத்துல ஒரு பங்கு, இல்லைன்னா ரெண்டு பங்கு இன்ச் பெரிசா இருக்கணும். சிறிசா இருந்தா? பின்னாடி எரியற வாயு அந்த இடுக்கு வழியா பீச்சிக்கிட்டு வந்து, புல்லட்டோட பக்கவாட்டை அரிக்கும். அரிச்ச ஈயம் பேரல் சுவர்ல போய் ஒட்டும்.

கடினமாக்கினதும் ஏன் மோசமாச்சு? கைப்பம்புல இருக்கிற தோல் வாஷரை நினைச்சுக்கோங்க. தண்ணியோட அழுத்தத்துல அது விரிஞ்சு குழாய்ச் சுவரோட ஒட்டிக்கும், அதனாலதான் தண்ணி ஏறுது. அதே இடத்துல அளவு குறைஞ்ச மரக்கட்டை வட்டை வெச்சா ஏறுமா? மெத்தான ஈயமும் வாயு அழுத்தத்துல கொஞ்சம் புடைச்சு இடுக்கை அடைச்சுக்கும். தூய ஈயத்தோட பிரினெல் கடினம் 5 சுமார், லைனோடைப் உலோகம் 22 கிட்ட. .38 ஸ்பெஷல் தோட்டாவோட அழுத்த வரம்பே 17,000 பிஎஸ்ஐ தான். .357 மேக்னத்துக்கு 35,000. இவ்வளவு குறைந்த அழுத்தத்துல லைனோடைப் மாதிரி ஒரு கலவை புடைக்கவே புடைக்காது. அளவு சரியா இருந்தா கடினத்தால பெரிய வித்தியாசம் வராது. அளவு தப்பா இருந்தா, கடினம் அந்தத் தப்பை மன்னிக்காது.

சரி, பேரலை எப்படி அளக்கறது? துப்பாக்கி காலியா இருக்கான்னு ரெண்டு தடவை பார்த்துட்டு, பேரலை விடச் சற்றே பெரிய மெத்தான ஈயத் துண்டை எண்ணெய் போட்டு உள்ளே தள்ளி எடுக்கணும். வெளியே வர்ற துண்டுல பள்ளங்களோட அச்சு பதிஞ்சிருக்கும். அதை மைக்ரோமீட்டர்ல அளக்கணும். சாதா வெர்னியரை நான் இதுக்கு நம்ப மாட்டேன், நாம தேடுற வித்தியாசமே அதோட பிழைக்குள்ள அடங்கிடும். இன்னொரு சிக்கல்: கோல்ட் ரிவால்வர்ல வழக்கமா 6 பள்ளம், ஸ்மித் அண்ட் வெஸன்ல 5. ஐந்துன்னா பள்ளத்துக்கு எதிரே பள்ளம் வராது, மேடுதான் வரும். சாதா மைக்ரோமீட்டர் குறைச்சுக் காட்டும். அதுக்கு வி வடிவத் தாங்கி உள்ள மைக்ரோமீட்டர் வேணும்.

ரிவால்வர்ல பேரலோட கதை முடியறதில்லை. புல்லட் பேரலுக்குப் போறதுக்கு முன்னாடி, சிலிண்டர் அறையோட முன் வாயைத் தாண்டணும். அதை த்ரோட்னு சொல்வாங்க. த்ரோட் பேரலை விடச் சிறிசா இருந்தா, நீங்க 0.358-ல செஞ்சது அங்கேயே 0.356-ஆ நசுங்கிடும். அதுக்கப்புறம் எதுவும் பண்ண முடியாது. .45 கோல்ட் இதுக்கு நேர் எதிர் தலைவலி. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பேரல்கள் 0.454, பிந்தையவை 0.451 – 0.452. ஆனா பிந்தைய துப்பாக்கிகள் சிலதுல த்ரோட் 0.456 வரைக்கும் இருக்கும். அப்போ புல்லட் தளதளன்னு ஆடிக்கிட்டே கோணலா நுழையும். பொதுவா, த்ரோட்ல கையால தள்ளினா லேசான பிடிப்போட போற புல்லட்தான் சரி.

அச்சுலேருந்து வர்ற அளவும் நிலையானது இல்லை. ஈயம் குளிரும்போது சுருங்கும். தூய ஈயம் அதிகமா சுருங்கும், ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்தது குறைவா. ஒரே அச்சு, கலவை மாறினா அளவு மாறும். அதனால சற்றே பெரிசா வார்த்து, சைஸிங் டைங்கிற எஃகு வளையத்துக்குள்ளே தள்ளி அளவுக்குக் கொண்டு வராங்க. டை பெரிசைச் சிறிசாக்கும், சிறிசைப் பெரிசாக்காது. உருக்குறவங்களுக்கு ரெண்டு விஷயம்: உருகின ஈயத்துல ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தாலும் தெறிச்சு முகத்துல அடிக்கும். வேலை முடிஞ்சு கை கழுவாம சாப்பிடவே கூடாது, ஈயம் உடம்புக்குள்ள போற முக்கியமான வழி அதுதான்.

நேயர் அடுத்து கேட்கப் போறது எனக்குத் தெரியும்: "எல்லாம் அளந்தேன், 0.358 தான், அப்பவும் அப்பிக்குது." அப்போ தயார் செஞ்ச தோட்டா ஒண்ணைப் பிரிச்சு, உள்ளே இருந்த புல்லட்டை அளந்து பாருங்க. பித்தளைக் கூடு இறுக்கமா இருந்தா, மெத்தான புல்லட்டை உட்காரும்போதே அது நசுக்கிடும். 9 மில்லிமீட்டர்ல இது அடிக்கடி நடக்கும், அந்தக் கூடு அடியை நோக்கித் தடிச்சுக்கிட்டே போகும். லேப்டாப்ல ஓடினது சர்வர்ல ஓடாத மாதிரிதான், டையிலேருந்து வந்த அளவு வேற, சுடும்போது இருக்கிற அளவு வேற. இதுக்கு மருந்து கலவையில இல்லை. கூட்டோட வாயை விரிக்கிற எக்ஸ்பாண்டரை ஆயிரத்துல ரெண்டு மூணு பங்கு பெரிசா மாத்தி, கடைசியா இறுக்குற கிரிம்ப்பைத் தளர்த்திட்டு, மறுபடியும் ஒண்ணைப் பிரிச்சு அளங்க.