மூச்சுத் திணறலும் உடலின் நிலையும்



மூச்சுத் திணறுகிறவரைக் கண்டால், "சற்றுப் படுங்கள், சரியாகிவிடும்" என்று உறவினர்கள் அவரை மல்லாக்கக் கிடத்துவார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். அவரோ எழுந்து உட்காரத் துடிப்பார். வார்டுகளில் நாங்கள் அடிக்கடி காண்பது இது. அவருடைய உடல் கேட்பதே பெரும்பாலும் சரி.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்னும் தசை இருக்கிறது. அது கீழே இறங்கும்போது நுரையீரல் விரிந்து காற்று உள்ளே வருகிறது. மல்லாந்து படுத்தால் குடலும் ஈரலும் அதை மேலே தள்ளி, அது இறங்குவதைக் கடினமாக்குகின்றன. இருதயம் பலவீனமானவருக்கோ, கால்களில் தங்கிய இரத்தமும் நெஞ்சுக்குத் திரும்பி, நுரையீரலில் நீர் கோக்கிறது. அதனால்தான் அவர் நடுஇரவில் திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறார். முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்தால் பாரம் குறையும்.

பீடிப் புகையாலும் விறகடுப்புப் புகையாலும் நுரையீரல் கெட்டவர்களின் துன்பம் வேறு. உள்ளே போன காற்று முழுவதும் வெளியேறாமல் தங்குவதால் நுரையீரல் உப்பி, உதரவிதானம் தட்டையாகிவிடுகிறது. தட்டையான தசைக்கு இழுக்கும் வலு குறைவு. இவர்கள் உட்கார்ந்து முன்னே சாய்ந்து, முழங்கைகளை மேசையிலோ தொடையிலோ ஊன்றிக்கொள்ள வேண்டும். அப்போது வயிறு அழுந்தி, அந்தத் தசை மறுபடியும் குவிந்து வலுப்பெறுகிறது. கைகளுக்குத் தாங்கல் கிடைப்பதால் தோள், கழுத்துத் தசைகளும் மூச்சுக்கு உதவுகின்றன.

நுரையீரல் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, வென்டிலேட்டரில் இருப்பவர்களைக் குப்புறப் படுக்க வைப்பதும் உண்டு. முதுகுப்பக்கத்து நுரையீரல் விரிய அது உதவுகிறது. பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் 466 நோயாளிகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் மல்லாந்து கிடந்தவர்களில் நூற்றுக்கு 33 பேர்; நாள்தோறும் 16 மணி நேரமாவது குப்புறக் கிடந்தவர்களில் 16 பேர். 2020இல் கொரோனா பரவியபோது உலகமெங்கும் இம்முறை கைகொடுத்தது. ஆனால் இது மருத்துவரும் செவிலியரும் அருகிலிருந்து செய்ய வேண்டியது.

இரண்டு தலையணைகளும் ஒரு சிறு மேசையும் பெரிய செலவல்ல. ஆயினும் இவை ஆறுதல் தருமேயன்றி நோயைத் தீர்க்காது. உதடு நீலம் பாய்ந்தாலும், பேச்சு முடியாமல் தடுமாறினாலும், உட்கார வைத்த நிலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள். வழியில் அவரைப் படுக்க வைக்காதீர்கள். இதை அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள்.