கல்லுப்புக் காலமும் டி.எஸ்.எச். காலமும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரையைத் தாண்டிச் சாயல்குடிப் பக்கம் கடலை ஒட்டிப் போனால் வாலிநோக்கம். கண்ணுக்கெட்டியவரை பாத்தி பாத்தியாக உப்பளம். 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உற்பத்தி இங்கேதான். வெயிலில் நீர் வற்றி, அதன் அடர்த்தி போமே அளவில் 25 டிகிரிக்கு ஏறியதும் பாத்தியின் அடியில் உப்பு பூக்கும். மேலே எஞ்சும் கசப்பு நீரை வடித்து விடுவார்கள். கடல்நீரில் இருந்த கொஞ்சநஞ்ச அயோடினில் பெரும்பகுதி அந்த நீரோடு போய்விடும்.

போகாமல் அத்தனையும் தங்கினாலும் பெரிதாக ஒன்றும் தேறாது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள். அயோடினோ 60 மைக்ரோகிராம் அளவுதான். நாளைக்குப் பத்து கிராம் உப்பு சாப்பிடுகிறவருக்கு அதிலிருந்து 17 மைக்ரோகிராம் கிடைத்தால் அதிகம். பெரியவர் ஒருவருக்குத் தேவை 150, கர்ப்பிணிக்கு 250. "எங்களுக்குக் கடலே வாசலில் இருக்கு, அயோடினுக்கு என்ன குறை?" என்று இந்தக் கரையில் யாராவது கேட்டால், சொல்ல வேண்டிய கணக்கு இது.

அயோடின் கலந்த உப்பு வருமுன், அன்று வீட்டுக்கு வந்தது கல்லுப்பு மட்டும்தான். மாட்டு வண்டியிலோ சைக்கிளிலோ மூட்டை வரும், படியால் அளந்து கொட்டுவார்கள். அடுப்பங்கரை மூலையில் மண் சாடி. மழைக்காலத்தில் அது கசிந்து அடியில் நீர் கோத்து நிற்கும். குழம்புக்கும் அதுதான், காரல் கருவாட்டுக்கும் அதுதான். அயோடின் என்ற பேச்சே கிடையாது. அப்படியும் கடலோர மக்களுக்கு ஓரளவு காப்பு இருந்தது என்றால், அதற்குக் காரணம் உப்பு அல்ல, மீன். கடல்நீரில் மிகக் குறைவாகக் கிடக்கும் அயோடினைப் பாசிகளும் கடலுயிர்களும் தம் உடம்பில் திரட்டி வைத்துக்கொள்கின்றன. 1811-இல் பிரான்சில் பெர்னார் கூர்த்துவா அயோடினைக் கண்டுபிடித்ததே கடற்பாசிச் சாம்பலில்தான்.

அந்தப் பாசி பாம்பனிலும் சின்னப்பாலத்திலும் குவியல் குவியலாகக் கரைக்கு வருகிறது. பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கிப் பறிக்கிறார்கள்: மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை. காய்ந்தபின் மூட்டையாக மதுரைப் பக்கத்து அகர், ஆல்ஜினேட் ஆலைகளுக்குப் போய்விடும். கஞ்சி காய்ச்சிக் குடித்ததாலேயே பெயர் பெற்ற பாசிகூட இன்று பறிக்கிறவர்கள் வீட்டு உலையில் அபூர்வம்.

அயோடின் உடம்பில் எங்கே போகிறது? முன்கழுத்தில், குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாயை அணைத்து உட்கார்ந்திருக்கும் தைராய்டு சுரப்பி அதை இரத்தத்திலிருந்து உறிஞ்சி, டைரோசின் என்ற அமினோ அமிலத்தோடு கோத்து ஹார்மோன் ஆக்குகிறது. நான்கு அயோடின் அணு இருந்தால் டி4, மூன்று இருந்தால் டி3. பெருமளவு வெளியே வருவது டி4. கல்லீரல் போன்ற உறுப்புகள் அதிலிருந்து ஓர் அணுவைக் கழற்றி டி3 ஆக்கிக்கொள்ளும். இந்த டி3 செல்லின் உட்கருவுக்குள் போய், எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யவேண்டும் என்று திருத்துகிறது. உடம்புச் சூடு, இதயத் துடிப்பு, மலம் கழிவது, மாதவிலக்கு, கருவிலுள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சி எல்லாம் இதற்குக் கட்டுப்பட்டவை. மேலே பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்ற ஏவலை அனுப்பிக்கொண்டே இருக்கும். வேலை குறையக் குறையக் குரலை உயர்த்தும் மேஸ்திரி அது. அதனால்தான் தைராய்டு குறைந்தால் இரத்தத்தில் டி.எஸ்.எச். கூடுகிறது. அயோடின் இல்லாமல் அந்த ஏவல் மட்டும் வருடக்கணக்கில் நீடித்தால் சுரப்பி வீங்கும். அதுதான் முன்கழுத்துக் கழலை.

அன்று தைராய்டுக் கோளாறைக் கழுத்தைப் பார்த்துத்தான் கண்டார்கள். கழுத்து வீங்காதவர்களின் சோர்வு, உடம்பு ஊதுவது, முடி கொட்டுவது, குளிர் தாங்காதது எல்லாம் வயசு, வேலை, பிள்ளைப்பேறு என்று ஏதாவதொன்றின் கணக்கில் எழுதப்பட்டன. கழலை என்றால் நாட்டின் பார்வை முழுவதும் இமயமலை அடிவாரத்தில்தான் இருந்தது. 1956-இல் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவ ஆய்வாளர் வி. ராமலிங்கசாமியின் குழு தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் கலந்தால் கழலை குறையும் என்று காட்டியது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. மலை நாட்டு நோய் என்ற எண்ணம் மட்டும் நம் பக்கத்தில் வெகுகாலம் மாறவில்லை.

அயோடின் கலக்காத உப்பை உண்பதற்கு விற்கக் கூடாது என்ற தடை 1997-இல் வந்து, 2000-இல் விலக்கப்பட்டு, 2006 மே மாதம் மீண்டும் வந்தது. விதிப்படி கடைக்கு வரும் உப்பில் பத்து லட்சத்துக்குக் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்கவேண்டும். 2014-இல் வாலிநோக்கத்தில் உப்பு விளைவிக்கும் அதே தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் 'அம்மா உப்பு' கடைக்கு வந்தது. ஆனாலும் 2018-19 அகில இந்திய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பு புழங்கும் வீடுகள் நாட்டில் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9. பெரிய மாநிலங்களின் கடைசி வரிசையில் நாம். உப்பு விளைகிற ஊருக்குப் பக்கத்தில் இருப்பவன் பாத்தி உப்பை அப்படியே வாங்குவது இதற்கு ஒரு காரணம். இப்போது 'இயற்கைக் கல்லுப்பு' என்று அழகான பையில் போட்டு அதிக விலைக்கு விற்கும் மோகமும் சேர்ந்திருக்கிறது. கல் வடிவம்தான் பிடிக்கும் என்றால் அயோடின் தெளித்த கல்லுப்பே கிடைக்கிறது. திறந்த சாடியில் கசிய விடாமல் மூடி வைத்தால் போதும்.

உப்பைத் திருத்தினால் தைராய்டு நோய் ஒழிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 2013-இல் வெளியான எட்டு நகர ஆய்வில் ஏறத்தாழ ஒன்பது பேரில் ஒருவருக்குத் தைராய்டு குறைவு தெரிந்தது. சென்னை உள்ளிட்ட கடற்கரை நகரங்களில் உள்நாட்டு நகரங்களைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவே. இன்று முக்கியக் காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தின்பது. இந்த நோயை 1912-இல் முதலில் விவரித்தவர் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ. பெண்களிடம்தான் அதிகம். எதிர்ப்பக்கம் சுரப்பு மிகுந்தால் படபடப்பு, கை நடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் மெலிவது.

பெரிய வைத்தியம் என்றால் மதுரைக்கு பஸ் ஏறியது அன்றைய வழக்கம். ராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இன்று கழுத்தைத் தடவுமுன் இரத்தப் பரிசோதனைச் சீட்டைத்தான் கேட்கிறார்கள். குறைந்த சுரப்பை ஈடுகட்டும் தைராக்சின் மாத்திரை வெறும் வயிற்றில், தேநீருக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்பு; இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி இடைவெளி. விடியுமுன் கடலுக்குக் கிளம்பும் பெண்ணுக்கு முதல் வேலையே கருப்புத் தேநீர் என்பதால் இந்த ஒரு விதியில்தான் பலருக்குச் சறுக்குகிறது. நோன்பு மாதத்தில் கீழக்கரைப் பக்கத்தில் சஹருக்கு, அதாவது விடியுமுன் உண்ணும் உணவுக்கு, அரைமணி முன்போ, இரவு உணவுக்கு மூன்று மணி கழித்துப் படுக்கும்போதோ என்று மருத்துவர் நேரத்தை மாற்றித் தருவதுண்டு. மாதக்கணக்கில் டி.எஸ்.எச். எண் சரியாக வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவது இன்னொரு பழக்கம். எண் சரியாக இருப்பதே மாத்திரையால்தான்.

தைராய்டு சுரப்பி இல்லாமலோ, அது வேலை செய்யாமலோ பிறக்கும் குழந்தை இந்தியாவில் சுமார் ஆயிரத்துக்கு ஒன்று. பிறந்தபோது பார்க்க நன்றாகவே இருக்கும். அன்று, நடக்கவும் பேசவும் தாமதமானபோதுதான் சந்தேகம் வந்தது. அதற்குள் மூளைக்கு நேர்ந்தது திரும்பாது. இன்று மூன்றாம் நாள் வாக்கில் குதிகாலில் குத்தி எடுத்த சில சொட்டு இரத்தம் போதும். இரண்டு வாரத்துக்குள் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் குழைத்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டால் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு பள்ளிக்குப் போகும். பிரசவ வார்டை விட்டுக் கிளம்புமுன் அந்தச் சோதனை ஆயிற்றா என்று கேட்டுவிட்டு வரவேண்டும்.